எழுதியது ஒன்று, படித்தது வேறொன்று

நிரலில் உள்ள தரவைக் கோப்பில் எழுதி, மீண்டும் நிரலுக்குள் கொண்டுவரும் வழியில் எது தொலைகிறது?

எங்கள் பள்ளிப் புதிர்ப்போட்டிக்காகப் படிவம் 4 மாணவர் ஒருவர் புள்ளிக் கணக்கு நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதியிருந்தார். போட்டி இரண்டு நாள், குழுக்கள் பன்னிரண்டு. முதல் நாள் எந்தச் சிக்கலும் இல்லை. மாலையில் புள்ளிகளைக் கோப்பில் சேமித்துவிட்டு மடிக்கணினியை மூடினார். மறுநாள் காலையில் நிரலைத் திறந்து 7ஆம் குழுவுக்கு 20 புள்ளிகளைச் சேர்த்தார். முதல் நாள் அக்குழு 45 எடுத்திருந்தது. திரையில் 65 என்று வந்திருக்க வேண்டும். 20 என்று வந்தது.

“டீச்சர், ஃபைல்ல 7-க்கு நேரா 45-ன்னு தெளிவா இருக்கு. புரோகிராம் மட்டும் அப்படி ஒரு குழுவே இல்லைன்னு சொல்லுது” என்று ஓடி வந்தார்.

நான் வந்து பார்ப்பதற்குள் அவர் சேமிக்கும் பொத்தானையும் அழுத்திவிட்டார். இப்போது கோப்பில் 7 என்பது இரண்டு முறை இருந்தது. ஒன்றுக்கு நேரே 45, இன்னொன்றுக்கு நேரே 20. நிரலை மூடித் திறந்தபோது கடைசியாக இருந்த 20 மட்டும் உள்ளே வந்தது. 45 மறைந்துவிட்டது. திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. நடுவர் ஒருவர் புள்ளிகளைக் காகிதத்திலும் குறித்து வைத்திருந்ததால் அந்தக் குழுவின் உழைப்பு தப்பியது.

தவறு எங்கே? கோப்பை உற்றுப் பார்த்தால் துப்பு கிடைக்கும். அதில் 7 என்ற எண் இரட்டை மேற்கோள் குறிக்குள் இருந்தது. மாணவர் எழுதியது 7 என்னும் எண். கோப்பிலிருந்து திரும்பி வந்தது “7” என்னும் எழுத்து. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அவை வேறு வேறு.

இந்தச் சிறிய விபத்துக்குப் பின்னால், உலகெங்கும் மென்பொருள் எழுதுவோர் அன்றாடம் சந்திக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அதை இந்த வாரம் பார்ப்போம்.

பிரித்துக் கட்டி, மறுபடி பூட்டுதல்

நிரல் ஓடும்போது அதன் தரவு கணினியின் நினைவகத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு தரவு வகை உண்டு. இது முழு எண், இது பதின்மம், இது எழுத்துச்சரம், இது மெய் அல்லது பொய், இது பட்டியல் என்று நிரலுக்குத் தெரியும். ஒரு பட்டியல் இன்னொரு பட்டியலைச் சுட்டலாம். ஒரே தரவை இரண்டு இடங்களிலிருந்து சுட்டலாம். மின்சாரம் போனால் இவை அத்தனையும் போய்விடும்.

கோப்பு அப்படிப்பட்டதன்று. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் பைட்டுகளின் நீண்ட வரிசைதான் கோப்பு. எனவே நினைவகத்தில் பல அடுக்காக இருக்கும் தரவைக் கோப்பில் வைக்க வேண்டுமானால் முதலில் அதை ஒற்றை வரிசையாக மாற்ற வேண்டும். இதற்கு வரிசையாக்கம் என்று பெயர். அந்த வரிசையைப் படித்துப் பழைய அமைப்பை மறுபடியும் கட்டி எழுப்புவது மீட்டமைத்தல்.

வீடு மாறுபவர்களுக்கு இது பழகிய வேலை. பெரிய அலமாரியை அப்படியே படிக்கட்டில் இறக்க முடியாது. பலகை பலகையாகக் கழற்றி, லாரியில் ஏற்றி, புது வீட்டில் மறுபடி பூட்டுகிறோம். எந்தப் பலகை எந்தப் பக்கம், எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு என்று குறித்து வைத்தால் பழைய அலமாரி கிடைக்கும். குறிக்காவிட்டால், பூட்டுபவர் தமக்குத் தோன்றியபடி பூட்டுவார். அதுவும் பார்வைக்கு அலமாரி போலத்தான் இருக்கும். கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

ஒரு நிரல் எழுதி, இன்னொரு நிரல் படிப்பது மட்டுமே என்றால் இருமக் கோப்பு போதும். அது சிறியது, வேகமானது. ஆனால் அதை நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகள்தான் தெரியும். ஒரு மென்பொருள் எந்த மொழியில் திரையைக் காட்ட வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்க வேண்டும், எந்தச் சேவையகத்தோடு பேச வேண்டும் என்பன போன்ற அமைப்புகளை மனிதர்கள் திறந்து பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. அதனால்தான் அமைப்புக் கோப்புகள் மனிதர் படிக்கக்கூடிய வடிவில் எழுதப்படுகின்றன. மனிதரும் இயந்திரமும் ஒரே கோப்பைப் படிக்க வேண்டும் என்ற இந்த ஆசையில்தான் சிக்கலும் பிறக்கிறது.

நான்கு வடிவங்கள், நான்கு குணங்கள்

1998இல் எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழி உலகளாவிய வலை அமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. இதில் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னும் பின்னும் அடையாளச் சீட்டு ஒட்ட வேண்டும். கண்டிப்பானது, நம்பகமானது. ஆனால் சிறிய தகவலுக்கும் நீளமாக எழுத வேண்டும்.

அடுத்து வந்தது ஜேசன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தரவை எழுதும் முறையிலிருந்து இதைத் தனி வடிவமாக எடுத்துப் பரப்பியவர் டக்ளஸ் கிராக்ஃபோர்டு. இதில் எழுத்துச்சரம், எண், மெய்/பொய், வெறுமை, பட்டியல், பெயரும் மதிப்பும் கொண்ட தொகுப்பு ஆகியவை மட்டுமே உண்டு. இலக்கணம் மிகச் சிறியது. ஒரு தொகுப்பில் பெயராக வருவது எழுத்துச்சரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. எங்கள் மாணவரின் 7 மேற்கோள் குறிக்குள் போனதற்கு இந்த விதிதான் காரணம். அவர் குழு எண்ணையே பெயராக வைத்திருந்தார். பைத்தான் அதை ஏற்கும். ஜேசன் ஏற்காது. எனவே எழுதும்போது பைத்தான் சத்தமில்லாமல் அதை எழுத்தாக்கியது. படிக்கும்போது மறுபடி எண்ணாக்கவில்லை.

2001இல் கிளார்க் எவன்ஸ், இங்கி டாட் நெட், ஓரன் பென்-கிகி ஆகியோரின் முயற்சியில் யாமல் தோன்றியது. ‘இன்னுமொரு குறிமொழி’ என்று பொருள்படும் பெயரின் முதலெழுத்துகள்தாம் முதலில் யாமல் ஆயின. பிறகு அதே எழுத்துகளுக்கு ‘யாமல் ஒரு குறிமொழி அன்று’ என்று புது விரிவு கொடுத்தார்கள். கண்ணுக்கு இதமாக இருப்பதே இதன் நோக்கம். அடைப்புக் குறி, மேற்கோள் குறி, காற்புள்ளி ஆகியவற்றைக் கூடியவரை தவிர்த்து, வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியைக் கொண்டே எது எதற்குள் அடங்கும் என்று காட்டுகிறது. அறிவியல் மன்றச் சுற்றுலாவுக்கு ஒரு கோப்பு இப்படி இருக்கலாம்:

# புறப்படுவதற்கு முதல் நாள் சரிபார்க்கவும்
பெயர்: கவிதா
படிவம்: 4
அஞ்சல் குறியீடு: 01000
கூடும் நேரம்: 7:30
கொண்டுவர வேண்டியவை:
  - தொப்பி
  - குடிநீர்

கணினியே தெரியாத ஒருவரும் இதைப் படித்துவிடுவார். முதல் வரி மனிதருக்கான குறிப்பு. நிரல் அதைக் கண்டுகொள்ளாது. பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம், யாமல் அதை அப்படியே ஏற்கும்.

2013இல் கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் டோமல் என்னும் வடிவத்தை வெளியிட்டார். இதுவும் படிக்க எளியது, குறிப்பு எழுத இடம் உண்டு. ஆனால் எழுத்துச்சரம் என்றால் மேற்கோள் குறி போட்டே தீர வேண்டும். இதன் 1.0 பதிப்பு 2021 ஜனவரியில் வந்தது. 2022 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.11, டோமல் கோப்பைப் படிக்கும் வசதியைத் தன்னுடனேயே கொண்டுவந்தது.

ஊகித்துப் படிக்கும் நிரல்

மேலே உள்ள யாமல் கோப்புக்குத் திரும்புவோம். அதில் மேற்கோள் குறியே இல்லை. அப்படியானால் எது எண், எது எழுத்து என்று நிரலுக்கு எப்படித் தெரியும்? ஊகிக்கிறது. இலக்கங்களாக இருந்தால் எண், இல்லாவிட்டால் எழுத்து என்பதைப் போன்ற சில விதிகளைக் கொண்டு முடிவு செய்கிறது. ‘கவிதா’ எழுத்துச்சரம். 4 எண். இதுவரை சரி.

01000 என்பது பெர்லிஸ் மாநிலத் தலைநகர் கங்காரின் அஞ்சல் குறியீடு. பைத்தானில் பரவலாகப் பயன்படும் பையாமல் என்னும் நூலகம் இதைப் படித்தால் கிடைக்கும் விடை 512!

படிவம் 4 கணிதத்தில் எண்ணடிமானம் படித்தவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சி மொழியின் காலத்திலிருந்தே, முன்னால் பூச்சியம் போட்டு எழுதிய எண்ணை எட்டடிமான எண்ணாகக் கொள்ளும் வழக்கம் இருக்கிறது. யாமல் 1.1 பதிப்பும் அதைப் பின்பற்றியது. எட்டடிமானத்தில் 1000 என்பது 8 × 8 × 8, அதாவது 512. அலோர் ஸ்டாரின் 05000 இதே கணக்கில் 2560 ஆகிவிடும்.

சுங்கை பட்டாணியின் 08000 மட்டும் தப்பித்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது. எனவே ‘இது எண்ணாக இருக்க முடியாது’ என்று நிரல் முடிவு செய்து, அதை எழுத்தாகவே விட்டுவிடும். ஒரே பட்டியலில் ஓர் ஊர் எண்ணாகவும் பக்கத்து ஊர் எழுத்தாகவும் இருக்கும். சோதித்துப் பார்த்தவர் தற்செயலாகச் சுங்கை பட்டாணியை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்றே நினைப்பார்.

2009இல் வந்த யாமல் 1.2 பதிப்பு இந்த வழக்கத்தைக் கைவிட்டது. அந்தப் பதிப்பின் பொது விதிகளின்படி 01000 என்பது 1000. 512 என்ற விடையைவிட இது பரவாயில்லை என்றாலும், கங்காரின் குறியீடு இதுவும் அன்று. ஆக, ஒரே கோப்பை இரண்டு நிரல்கள் படித்தால் இரண்டு விடைகள். பையாமல் இன்றும் 1.1 பதிப்பின் விதிகளையே பின்பற்றுகிறது.

அடுத்து, கூடும் நேரம் 7:30. யாமல் 1.1 பதிப்பில் அறுபதடிமான எண்ணுக்கும் இடம் உண்டு. முக்காற்புள்ளியால் பிரித்த எண்களை மணி, நிமிடம் போலக் கணக்கிட்டு ஒரே எண்ணாக்கிவிடும். 7 × 60 + 30 = 450. ‘காலை 450க்குக் கூடவும்’ என்று அறிவிப்பு வந்தால் பெற்றோர் என்ன செய்வார்கள்? அதையே 07:30 என்று எழுதியிருந்தால் தப்பித்திருக்கும். முன்னால் பூச்சியம் வந்தால் அறுபதடிமான விதி பொருந்தாது. அங்கே பூச்சியம் கெடுத்தது, இங்கே அதே பூச்சியம் காக்கிறது.

இந்தக் குடும்பத்தில் மிகவும் புகழ்பெற்றது நார்வேச் சிக்கல். யாமல் 1.1 பதிப்பில் ‘இல்லை’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தனியாக எழுதினால் அது ‘பொய்’ என்னும் மதிப்பாக மாறும். நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியீடும் அதே இரண்டு எழுத்துகள்தாம்: என், ஓ. நாடுகளின் குறியீடுகளை வரிசையாக எழுதிப் படித்தால் மலேசியா வரும், சிங்கப்பூர் வரும், இந்தியா வரும், நார்வேயின் இடத்தில் ‘பொய்’ வரும். தமிழில் ‘இல்லை’ என்று எழுதினால் இந்தத் தொல்லை கிடையாது. யாமலுக்குத் தெரிந்த சொற்கள் ஆங்கிலச் சொற்கள் மட்டுமே.

மென்பொருள் பதிப்பு எண்களும் தப்பவில்லை. பைத்தான் 3.10 பதிப்பு 2021இல் வெளியானது. மேற்கோள் குறி இல்லாமல் 3.10 என்று அமைப்புக் கோப்பில் எழுதினால் அது பதின்ம எண். கணிதத்தில் 3.10 உம் 3.1 உம் ஒன்றே. ஆனால் பைத்தான் 3.1 என்பது 2009இல் வந்த பழைய பதிப்பு! புதிய பதிப்பைக் கேட்டவருக்குப் பழையதைத் தேடிக்கொண்டு நிரல் அலையும்.

கண்டிப்பு காக்கும், முழுவதும் அன்று

இதே 01000 என்ற எண்ணை மேற்கோள் குறி இல்லாமல் ஜேசன் கோப்பில் எழுதினால்? நிரல் படிக்க மறுத்துவிடும். முன்னால் பூச்சியம் போட்ட எண் ஜேசன் இலக்கணத்தில் பிழை. டோமலிலும் அப்படியே. அந்த நேரத்தில் எரிச்சலாக இருந்தாலும் இதுவே நன்மை. பிழைச் செய்தி வந்தால் உடனே திருத்துவோம். பேசாமல் தவறான விடை தந்தால் பல மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

ஆனால் கண்டிப்பான ஜேசனிலும் ஓட்டை உண்டு. எண் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று அதன் இலக்கணம் சொல்லவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்கும்போது 2இன் 53ஆம் அடுக்கு வரைதான் முழு எண்களைத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியும். அந்த எண் 9007199254740992. அதைவிட ஒன்று கூடுதலாக, 3இல் முடியும் எண்ணை அனுப்பினால், மறுமுனையில் 2இல் முடியும் எண்ணாகவே போய்ச் சேரும். 2010இல் டுவிட்டர் நிறுவனம் தன் பதிவுகளுக்குப் பெரிய அடையாள எண்களைக் கொடுக்கத் தொடங்கியபோது இதனால்தான் ஒவ்வொரு எண்ணையும் எழுத்துச்சரமாகவும் சேர்த்து அனுப்பியது.

ஆய்வகத்துக்குள்ளும் நுழைந்த ஊகம்

தரவு வகையை ஊகிப்பது யாமலுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. மாணவர்களின் கைப்பேசி எண்களை எக்செல் அட்டவணையில் தட்டிய ஆசிரியர்கள் அனைவரும் முன்னால் உள்ள பூச்சியம் மறைவதைப் பார்த்திருப்பார்கள். 2000 முதல் 2009 வரை பிறந்த மலேசியர்களின் அடையாள அட்டை எண்ணும் பூச்சியத்தில் தொடங்குகிறது. கோடு போடாமல் தட்டினால் அங்கேயும் இதே கதைதான்.

உயிரியலில் இது பெரிய தலைவலியானது. செப்டம்பர் மாதத்தின் சுருக்கப் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்தது போன்ற பெயர் சில மனித மரபணுக்களுக்கு இருந்தது. இன்னும் சிலவற்றின் பெயர் மார்ச் மாதத்தைப் போல இருந்தது. ஆய்வாளர் அதைத் தட்டிய உடனேயே எக்செல் தேதியாக மாற்றிவிடும். 2016இல் ‘ஜீனோம் பயாலஜி’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததைக் கண்டது. கடைசியில் பெயர்களே மாறின. 2020இல் மனித மரபணுப் பெயரிடல் குழு புதிய வழிகாட்டியை வெளியிட்டு, அத்தகைய மரபணுக்களுக்குச் செப்டின் 1 என்பது போன்ற, தேதியோடு குழம்பாத பெயர்களைக் கொடுத்தது. ஒரு மென்பொருளின் ஊகத்துக்காக அறிவியல் தன் சொற்களையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

தமிழுக்கு நேர்வது

நம் மொழியோடு தொடர்புடைய நேர்மாறான சிக்கல் ஒன்றும் உண்டு. பைத்தானில் ‘தமிழ்’ என்ற சொல்லை ஜேசனாக எழுதிப் பாருங்கள். கோப்பில் தமிழ் இருக்காது. அதற்குப் பதிலாகச் சாய்கோடும் ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த 30 குறிகள் இருக்கும். நாம் மூன்றெழுத்து என்று எண்ணும் ‘தமிழ்’, யூனிகோடு கணக்கில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. ஒவ்வொன்றும் ஆறு குறிகளாக விரிகிறது.

இங்கே எதுவும் தொலையவில்லை என்பதைக் கவனியுங்கள். மீண்டும் படித்தால் ‘தமிழ்’ அப்படியே வரும். இயந்திரத்துக்கு முழுமையாகச் சரி. மனிதருக்குத்தான் ஒன்றும் புரியாது. பழைய அமைப்புகள் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அறியும் என்பதால், பாதுகாப்புக்காகப் பைத்தான் இப்படிச் செய்கிறது. ‘ஆஸ்கி எழுத்துகள் மட்டும்’ என்னும் அந்த அமைப்பை அணைத்துவிட்டால் தமிழ் தமிழாகவே கோப்பில் வரும். பையாமல் நூலகத்திலும் யூனிகோடு எழுத்துகளை அப்படியே எழுத அனுமதிக்கும் அமைப்பு உண்டு. தமிழ்ச் செயலி செய்ய விரும்பும் மாணவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கங்காரின் அஞ்சல் குறியீட்டை மனிதர் சரியாகப் படித்தார், இயந்திரம் தவறாகப் படித்தது. ‘தமிழ்’ என்ற சொல்லை இயந்திரம் சரியாகப் படித்தது, மனிதரால் படிக்க முடியவில்லை. ஒரு கோப்புக்கு இரண்டு வாசகர்கள் இருப்பதன் விலை இதுதான்.

காணாமற்போகும் குறிப்பும், உள்ளே நுழையும் திருடனும்

சுற்றுலாக் கோப்பின் முதல் வரியில் ‘புறப்படுவதற்கு முதல் நாள் சரிபார்க்கவும்’ என்ற குறிப்பு இருந்ததல்லவா? பையாமல் வழியாக அந்தக் கோப்பைப் படித்து, ஒரு மாற்றம் செய்து, அதே கோப்பில் திரும்ப எழுதினால் அந்த வரி இருக்காது. படிக்கும்போதே நிரல் அதை ஒதுக்கிவிடுகிறது. உள்ளே வராதது வெளியே எப்படிப் போகும்? ‘இந்த எண்ணை மாற்றாதீர்கள், மாற்றினால் அச்சுப்பொறி நின்றுவிடும்’ என்று முன்பிருந்தவர் எழுதி வைத்த எச்சரிக்கைகள் இப்படித்தான் மறைகின்றன. குறிப்புகளைக் காத்துத் திரும்ப எழுதும் நூலகங்கள் தனியே உள்ளன. கைப்படத் திருத்தும் கோப்பை நிரலும் திருத்த வேண்டியிருந்தால் அவற்றையே பயன்படுத்த வேண்டும்.

இன்னொன்று பாதுகாப்பு. யாமல் கோப்பில் எண்ணும் எழுத்தும் மட்டுமன்றி, ‘இந்த வகைப் பொருளை உருவாக்கு’ என்ற கட்டளையையும் எழுத முடியும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோப்பை அப்படியே நம்பிப் படித்தால், அவர் விரும்பிய வேலையை நம் கணினி செய்துவிடலாம். 2013 ஜனவரியில் ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் வலைத்தளக் கட்டமைப்பில் இப்படிப்பட்ட ஓட்டை வெளிவந்தது. வலைத்தளத்துக்கு அனுப்பும் தரவில் யாமல் பகுதியைச் செருகி, சேவையகத்தில் விரும்பிய நிரலை ஓட்ட முடிந்தது. உடனே திருத்தம் வெளியிடப்பட்டது. பையாமலில் பாதுகாப்பாகப் படிப்பதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கோப்புக்கு அதைத் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது.

மூன்று பழக்கங்கள்

இவ்வளவு சொன்னதால் யாமலை ஒதுக்கிவிட வேண்டும் என்று பொருளல்ல. பல்லாயிரம் அமைப்புகள் அதில்தான் ஓடுகின்றன. எந்த வடிவம் என்றாலும் மூன்று பழக்கங்கள் போதும்.

முதலாவது: இலக்கங்களால் ஆனதெல்லாம் எண் அன்று. ‘இதனோடு ஒன்றைக் கூட்டினால் பொருள் உண்டா?’ என்று கேளுங்கள். வயதோடு ஒன்றைக் கூட்டலாம், புள்ளியோடு கூட்டலாம். அஞ்சல் குறியீட்டோடு ஒன்றைக் கூட்டி யாருக்கு என்ன பயன்? அடையாள அட்டை எண், கைப்பேசி எண், பதிப்பு எண் ஆகியவையும் அப்படியே. கூட்ட முடியாதவற்றை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். மேற்கோள் குறிக்குள் “01000” என்று எழுதினால் யாமலின் எந்தப் பதிப்பும் அதைத் தொடாது. சோதித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: நிரலிடம் எழுத்துச்சரமாக உள்ள 01000-ஐ எழுதச் சொன்னால் பையாமல் தானாகவே மேற்கோள் குறி போட்டுவிடுகிறது. மறப்பது நாம்தான்.

இரண்டாவது: எழுதும் நிரலும் படிக்கும் நிரலும் எந்தப் பதிப்பின் விதிகளைப் பின்பற்றுகின்றன என்று பாருங்கள். ஒன்று 1.1, மற்றது 1.2 என்றால் மேற்கோள் குறி இன்னும் அவசியம்.

மூன்றாவது: போய்த் திரும்பும் சோதனை. தரவைக் கோப்பில் எழுதுங்கள். அதே கோப்பை உடனே படியுங்கள். முதலில் இருந்ததும் திரும்பி வந்ததும் ஒன்றா என்று நிரலையே ஒப்பிடச் சொல்லுங்கள். கண்ணால் ஒப்பிடாதீர்கள், கண் 7-ஐயும் “7”-ஐயும் ஒன்றென்றே சொல்லும். சோதனைத் தரவில் பூச்சியத்தில் தொடங்கும் எண், ஒரு நேரம், ஒரு தேதி, ஒரு தமிழ்ப் பெயர், மிகப் பெரிய எண் ஆகியவை இருக்கட்டும். கோப்பை மனிதர்களும் தட்டுவார்கள் என்றால், கையால் தட்டிய கோப்பு ஒன்றையும் படிக்க வைத்து, ஒவ்வொரு மதிப்பின் வகையையும் சரிபாருங்கள்.

வீட்டில் கணினி உள்ள மாணவர்கள் இன்றே செய்து பார்க்கலாம். பைத்தானில் ஜேசன் வசதி உடன் வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. 1 என்ற எண்ணைப் பெயராகவும் உங்கள் பெயரை மதிப்பாகவும் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கி, ஜேசனாக எழுதி, திரும்பப் படித்து, இரண்டும் சமமா என்று கேளுங்கள். ‘பொய்’ என்று பதில் வரும்.

எங்கள் மாணவர் தம் நிரலை அன்று மாலையே திருத்தினார். குழு எண்ணைப் பெயராக வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு குழுவையும் ‘எண் 7, புள்ளி 65’ என்பது போன்ற பதிவாகப் பட்டியலில் வைத்தார். மதிப்பாக எழுதிய எண்ணை ஜேசன் எண்ணாகவே திருப்பித் தருகிறது. கோப்பை எழுதி முடித்ததும் மறுபடி படித்து ஒப்பிடும் நான்கு வரிகளையும் சேர்த்தார். ஒப்பீடு பொருந்தாவிட்டால் திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரும், பழைய கோப்பு அழியாமல் இருக்கும்.

அடுத்த போட்டிக்கு அந்த நிரலையே பயன்படுத்தப் போகிறோம். நடுவர் காகிதத்திலும் குறித்துக்கொள்வார்.